துப்பாக்கியில் பெயரை எங்கே வெட்டுவது? என் பட்டறை அனுபவம்

எங்கள் அப்பா கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டிக் கொடுத்தவர். சொம்போ குடமோ கைக்கு வந்ததும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். புளி போட்டுத் தேய்க்கிற இடமா, அடுப்பில் கருகுகிற இடமா, சீர்வரிசையில் வைத்தால் நாலு பேர் கண்ணில் படுமா என்று யோசித்துவிட்டுத்தான் கருவியை எடுப்பார். நான் டெக்சாஸில், உரிமம் உள்ள ஒரு துப்பாக்கிப் பட்டறையில் லேசர் மெஷினில் அதே வேலையைச் செய்கிறேன். தினமும் யாராவது ஒருவர் கேட்பது இதுதான்: என் பெயரை எங்கே போடுவது?

விஷயம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 16 அங்குலத்துக்குக் குறைவான குழல் போட்ட ரைஃபிள் இங்கே 1934-ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதை நாமே செய்ய வேண்டுமென்றால், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏடிஎஃப்-க்கு ஃபார்ம் 1 என்ற விண்ணப்பத்தை அனுப்பி, ஒப்புதல் கைக்கு வந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். கடையில் வாங்கிய ரிசீவரில், அதாவது மற்ற பாகங்களை எல்லாம் மாட்டுகிற துப்பாக்கியின் உடலில், ஒரு குட்டைக் குழலை மாட்டுகிறோம், அவ்வளவுதானே என்று நினைப்பார்கள். ஆனால் சட்டத்தின் கணக்கில் அந்த நிமிடம் முதல் அதைச் செய்தவர் நீங்கள்தான். அதனால் உங்கள் பெயர், ஊர், மாநிலம் மூன்றும் துப்பாக்கியில் இருந்தாக வேண்டும். சீரியல் எண்ணுக்குக் கம்பெனி வெட்டியதையே வைத்துக்கொள்ளலாம். வெட்டின் ஆழம் குறைந்தது 0.003 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட ஒரு தலைமுடி கனம். சீரியல் எண்ணின் எழுத்து உயரம் குறைந்தது 1/16 அங்குலம். பெயருக்கும் அதே உயரத்தை வைப்பது என் வழக்கம், படிக்கவும் நன்றாக இருக்கும்.

முன்பெல்லாம் பெயரையும் ஊரையும் குழலிலும் போடலாம் என்று இருந்தது. 2022 ஆகஸ்ட் 24 முதல் அமலுக்கு வந்த விதிப்படி அது ரிசீவரிலேயே இருக்க வேண்டும். மாடல், காலிபர் (குண்டின் அளவு) போன்றவற்றைத்தான் குழலில் வைக்கலாம். என்னைக் கேட்டால் இது நியாயமான மாற்றம். பழைய விதி இருந்த காலத்தில் வேறொரு கடையில் குழலில் பெயர் வெட்டிய ஒருவர் வந்தார். "வெட்டியாச்சு, எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார். துப்பாக்கியை வாங்கிப் பார்த்தால் பெயரையே காணோம். முன்பக்கக் கைப்பிடிக் கவசத்தைக் கழற்றினால்தான் தெரிகிறது! எதையும் கழற்றாமல் பளிச்சென்று கண்ணில் பட வேண்டும் என்பது அப்போதும் விதிதான். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு இருந்தது. அவருக்கு அந்தக் குழல் பிடிக்கவில்லை, புதிதாக ஒன்று மாற்ற வேண்டுமாம். மாற்றினால் செய்தவர் பெயர் பழைய குழலோடு போய்விடும். கடைசியில் ரிசீவரில் மறுபடியும் வெட்டினோம், அவருக்கு இரண்டாவது செலவு.

ஏஆர் வகை ரைஃபிளின் ரிசீவரில் இடது பக்கத்தில் கம்பெனி பெயர், எண் எல்லாம் இருக்கும். நான் வலது பக்கத்தில், மேகசின் (தோட்டாப் பெட்டி) செருகும் இடத்தின் கீழ் விளிம்பை ஒட்டிப் போடுவேன். மேகசின் குழியின் முன் முகத்தையும் சிலர் கேட்பார்கள். அகலம் குறைவு, நீளமான பெயர் அடங்காது, சின்னப் பெயராக இருந்தால் அழகாக வரும். கைப்பிடிக்கு அடியில் மட்டும் வேண்டாம், மாட்டியதும் மறைந்துவிடும். ரிசீவரின் பின்பக்கம் கோபுரம் மாதிரி எழும் பகுதியில் வார் மாட்டும் தகடு வந்து உட்காரும், அதையும் யோசிக்க வேண்டும். ஏகே வகை ரைஃபிளில் இடது பக்கம் டெலஸ்கோப் மாட்டும் தண்டவாளம் இருந்தால் நான் வலது பக்கத்துக்குப் போய்விடுவேன். அதனால்தான் வருகிறவர்களிடம் வெறும் ரிசீவரைக் கொண்டுவராதீர்கள், நீங்கள் சுடப்போகிற மாதிரியே எல்லாவற்றையும் மாட்டிக் கொண்டுவாருங்கள் என்று போனிலேயே சொல்லிவிடுகிறேன். எது மறைக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

சப்தம் குறைக்கும் குழாயானால் (சைலன்சர்) வெளிக் குழாயில்தான் போடுவேன். மூடியில் போட்டுத் தரச் சொல்லி வருகிறார்கள். மூடி திருகிக் கழற்றி மாற்றக்கூடிய பொருள், அதில் பெயர் இருந்து என்ன பயன்?

ஆழம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அலுமினிய ரிசீவரின் மேல் கறுப்பாக ஒரு அனோடைஸ் படலம் இருக்கும். லேசர் ஒரு முறை ஓடினாலே அந்தக் கறுப்பு எரிந்து எழுத்து வெள்ளை வெளேரென்று எழும்பும். பார்க்க ஆழமாக வெட்டியது போலவே இருக்கும். நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், எதுவும் தடுக்காது. வீட்டில் சின்ன மெஷின் வைத்திருக்கும் ஒருவர் அப்படித்தான் தானே வெட்டிக்கொண்டு வந்தார். ஊசிமுனை வைத்த டயல் கேஜில் அளந்தால் முள் கொஞ்சம்கூட அசையவில்லை. அதே எழுத்தின் மேல் மறுபடியும் பல முறை ஓட்டி இறக்கினேன். அப்படி இறக்கும்போது எழுத்தின் ஓரத்தில் உலோகம் மெல்லிய வரப்பு மாதிரி மேலெழும். அந்த வரப்பின் உச்சியிலிருந்து அளந்தால் கணக்கு ஏமாற்றிவிடும், தட்டையான பரப்பிலிருந்துதான் அளக்க வேண்டும். விதியும் அதையே சொல்கிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் டிரஸ்ட் பெயரில் ஒப்புதல் வாங்கியிருந்தார். பெயரைப் போனில் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன், வெட்டினேன், ஒரு எழுத்து விட்டுப்போயிற்று. உலோகத்தில் அழித்து எழுத முடியாது. கீழே இடம் இருந்ததால் சரியான பெயரை மறுபடி வெட்டிக் கொடுத்துப் பணம் வாங்காமல் அனுப்பினேன். ஆனாலும் அவர் ஆசையாக வாங்கிய துப்பாக்கியில் அந்தத் தப்பான வரி நிரந்தரமாக நிற்கிறது, இன்றும் மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒப்புதல் வந்த ஃபார்மின் நகலை மேசையில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, முதலில் ஒரு டேப்பின் மேல் லேசாக ஓட்டி அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உலோகத்தில் கைவைக்கிறேன்.

போன மாதம் டாலஸ் பக்கமிருந்து நம் ஊர்ப் பையன் ஒருவன் வந்தான், குடியுரிமை வாங்கி மூன்று வருடமாகிறதாம். "அண்ணே, என் பேரைத் தமிழ்லயே வெட்டிக் குடுங்கண்ணே" என்றான். கேட்கவே சந்தோஷமாக இருந்தது, ஆனால் சட்டம் கேட்கிற குறி ஆங்கில எழுத்திலும் 1, 2, 3 என்ற எண்ணிலும்தான் இருக்க வேண்டும். "அது வலது பக்கம் இருக்கட்டும் தம்பி, தமிழை வேற இடத்துல அழகுக்குப் போட்டுக்கலாம், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம பாத்துக்கணும்" என்றேன். வலது பக்கம் பெயர், ஊர், மாநிலம். மேகசின் குழியின் முன் முகத்தில் தமிழில் அவன் பெயர், நாலே எழுத்து, நடுவில் கச்சிதமாக உட்கார்ந்தது. அன்றே முடித்துக் கையில் கொடுத்துவிட்டேன். ராத்திரி கடையில் தங்கினால் எங்கள் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அவனும் மூன்று மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து, வாங்கியதும் முதலில் அந்தத் தமிழ் எழுத்தைத்தான் விரலால் தடவிப் பார்த்தான்.