முன்னால் ஓடுகிற தேரைக்கு என்ன லாபம்? பரவல் எப்படிப் பரிணமிக்கிறது?

வேலிப்பருத்தி:

முதுகலை விலங்கியல் படிக்கிறேன். செமினாருக்கு எடுத்த தலைப்பு, மாறிக்கொண்டே இருக்கும் சூழலில் ஓர் உயிரின் பரவலும் (பிறந்த இடத்தை விட்டு வேறிடம் போவது) வாழ்க்கைப் பண்புகளும் (எந்த வயதில் இனம்பெருக்குவது, எத்தனை முட்டை, எவ்வளவு காலம் வாழ்வது) எப்படிப் பரிணமிக்கின்றன என்பது. உதாரணம் ஆஸ்திரேலியாவின் கரும்புத் தேரை. 1935இல் கரும்பு வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள், வண்டு ஒழியவில்லை, தேரை நாடு முழுக்கக் கிளம்பிவிட்டது. ஆரம்பத்தில் வருடத்துக்குப் பத்து கிலோமீட்டர் போல நகர்ந்த தேரைகளின் பரவல் எல்லை பின்னாளில் ஐம்பதுக்கும் மேல் நகர்ந்திருக்கிறது. 2006இல் வந்த ஆய்வில், டார்வின் நகருக்குக் கிழக்கே ஓர் இடத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவற்றுக்குக் கால் நீளமாகவும் பின்னால் வந்தவற்றுக்குக் குட்டையாகவும் இருந்தது என்று போட்டிருக்கிறார்கள்.

இதுவரை புரிகிறது. இடிப்பது எங்கே என்றால், நீளக் கால் பெருக வேண்டுமானால் நீளக் கால் தேரைக்கு வாரிசு அதிகம் இருக்க வேண்டும் அல்லவா? ஆனால் அந்த எல்லையின் முன்னணியில் உள்ள பெண் தேரைகள் அத்தனை அடிக்கடி முட்டையிடுவதில்லை என்று இன்னொரு கட்டுரை சொல்கிறது. முன்னணியில் பெரிய தேரைகளில் பத்தில் ஒன்றுக்கு முதுகெலும்பில் மூட்டுவாதம் வேறு. உடம்பையும் கெடுத்துக்கொண்டு, முட்டையும் குறைந்து, அந்தப் பண்பு எப்படி நிலைக்கிறது? இதை இயற்கைத் தேர்வு என்று சொல்லலாமா?

ஈரநிலம்:

நல்ல கேள்வி, இந்த இடத்தில்தான் பாடப்புத்தகச் சூத்திரம் போதாமல் போகிறது. வாரிசு எண்ணிக்கையைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள். ஒரு பெரிய ஓட்டப்பந்தயத்தில் எல்லாரும் ஒரே கோட்டிலிருந்து கிளம்பினாலும் ஒரு மணி நேரம் கழித்து முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் வேகமானவர்கள்தான், யாரும் அவர்களைத் தேர்ந்தெடுத்து அங்கே நிறுத்தவில்லை. இப்போது அந்த இடத்திலேயே மழைக்காலம் வருகிறது, தேரைகள் இணை சேர்கின்றன. வேகமான ஆணுக்குக் கிடைக்கும் பெண்ணும் வேகமானதுதான், ஏனென்றால் மெதுவானவை இன்னும் அங்கே வந்து சேரவே இல்லை. குஞ்சுகளில் சில பெற்றோரைவிட வேகமாக இருக்கும், அடுத்த தலைமுறையில் அவை இன்னும் முன்னே போகும். இப்படியே எண்பது வருடம். 2011இல் ரிச்சர்ட் ஷைன் குழுவினர் இதைத் தனியாகவே எடுத்து எழுதினார்கள்: காலத்தில் அதிகம் பிழைப்பதால் பண்பு பெருகுவது டார்வின் சொன்னது, இடத்தில் தரம்பிரிவதால் பண்பு சேர்ந்துகொண்டே போவது இன்னொன்று. இரண்டாவதற்கு அந்தத் தேரைக்கு லாபம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. மூட்டுவாதம் வந்தாலும் கதை நடக்கும்.

வெறும் வளர்ப்பின் விளைவாக இருக்கலாமே என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் உண்டு. முன்னணித் தேரைகளின் குஞ்சுகளையும் குவீன்ஸ்லாந்துத் தேரைகளின் குஞ்சுகளையும் ஒரே இடத்தில் வளர்த்துப் பார்த்தார்கள், முன்னணிக் குஞ்சுகளே அதிக தூரம் போயின. பெற்றோரின் பழக்கம் பிள்ளைக்கும் வருகிறது.

இன்னொன்று, முன்னணியில் லாபமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அங்கே போட்டிக்கு ஆள் குறைவு, இரை நிறைய, கூட வரும் ஒட்டுண்ணியான நுரையீரல் புழுவும் கொஞ்சகாலம் பின்தங்கியே வந்து சேர்கிறது. பரவல் எல்லை ஓரிடத்தைக் கடந்து போனதும் அங்கே நிலைமை தலைகீழ். டார்வின் நகருக்குப் பக்கத்தில் ஃபாக் அணை என்ற இடத்தில் தேரை வந்த நாளிலிருந்து ரேடியோ கட்டிப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். முதலில் வந்தவை இரவுக்கு இரவு ஒரே திசையில் நேர்கோடாக நடந்துகொண்டே இருந்தன. சில வருடம் கழித்து அதே இடத்தில் இருந்தவை அப்படி ஊர் சுற்றவில்லை, ஓரிடத்தில் தங்கிவிடும் குணம் திரும்பிவிட்டது. செமினாரில் இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

குறுவை:

ஈரநிலம் சொன்னதோடு உடன்படுகிறேன், ஆனால் தலைப்பில் ஒரு கண்ணி இருக்கிறது, அதில் விழாதீர்கள். "சூழல் மாறினால் பரவும் திறன் கூடும்" என்று எழுதிவிட்டால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். மாற்றம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்து எதிர்ப்பக்கமும் போகும்.

பிரான்சில் மோன்பெலியே நகரத்தில் நடைபாதை மரங்களைச் சுற்றி விடும் சின்னச் சின்ன மண் சதுரங்களில் கிரெபிஸ் சாங்க்டா என்ற மஞ்சள் பூச்செடி முளைக்கிறது. அதற்கு இரண்டு விதமான விதை, ஒன்று குஞ்சம் வைத்து காற்றில் பறக்கும் லேசான விதை, இன்னொன்று செடிக்கு அடியிலேயே விழும் கனமான விதை. நகரத்தில் பறக்கிற விதை போய் விழுவது பெரும்பாலும் சிமெண்ட் தரையில்தான். பறக்கும் விதைக்குத் தன் மண்ணிலேயே ஊன்றும் வாய்ப்பு கனமானதைவிட 55 சதவீதம் குறைவு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கிராமத்துச் செடியையும் நகரத்துச் செடியையும் ஒரே பசுமைக்குடிலில் வளர்த்தபோது நகரத்துச் செடிகள்தான் கனமான விதையை அதிக விகிதத்தில் கொடுத்தன. ஐந்திலிருந்து பன்னிரண்டு தலைமுறைக்குள் நடந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் மதிப்பீடு, 2008இல் வெளிவந்தது. சூழல் துண்டு துண்டானதும் செடி வீட்டோடு இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

இதற்கு நேரெதிராக, சூழல் கொஞ்சமும் மாறாவிட்டாலும் பரவல் பரிணமிக்கும். 1977இல் ஹாமில்டன், ராபர்ட் மே என்ற இரண்டு ஆய்வாளர்கள் போட்ட எளிய கணக்கைப் பாருங்கள்: வெளியே போகும் விதைகளில் பிழைக்கும் பங்கு p என்றால், அனுப்ப வேண்டிய விகிதம் 1/(2−p). p கிட்டத்தட்ட பூஜ்யம் என்றாலும் பாதியை வெளியே அனுப்ப வேண்டும்! காரணம், வீட்டில் நிற்கும் விதைகள் ஒன்றோடொன்று, அதாவது உடன்பிறப்போடு, ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்கின்றன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த முடிவு இதுதான்.

தஞ்சை மேற்கு:

நான் பூச்சியியல். அவ்வளவு தூரம் போகாமல் நம் நெல்வயலில் சாறு உறிஞ்சும் பூச்சியான புகையானையே எடுக்கலாமே தம்பி. தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே கொத்தாக உட்கார்ந்திருக்கும். அதில் குட்டை இறக்கைப் பெண் பருத்து, பறக்க முடியாமல், சீக்கிரமே முட்டையிடத் தொடங்கி அதிகமாகவும் இடும். நீள இறக்கைப் பெண் பறக்கும், ஆனால் தாமதமாகத் தொடங்கும், முட்டையும் குறைவு. பறக்கும் தசைக்குக் கொடுத்த சத்து சினைப்பைக்குக் கிடைக்காது. வாழ்க்கைப் பண்புக்கும் பரவலுக்கும் உள்ள பேரத்தை இதைவிடத் தெளிவாக எங்கே பார்ப்பது?

ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். இங்கே பயிர் இளசாக இருந்தால் குட்டை இறக்கை, பயிர் முற்றிக் கூட்டம் நெருங்கினால் நீள இறக்கை. ஒரே தாயின் குஞ்சுகள்கூட இரண்டு விதமாகவும் ஆகும். இரண்டு இன்சுலின் ஏற்பிகள் (இன்சுலின் போன்ற ஹார்மோனை உணரும் புரதங்கள்) இந்தச் சுவிட்சைப் போடுகின்றன என்று 2015இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது பரிணமித்தது இறக்கையின் நீளம் என்பதைவிட, எப்போது நீட்டுவது என்று முடிவெடுக்கும் திறன். மூன்று மாதத்தில் அறுவடையாகும் வயலில் வாழ்கிற பூச்சிக்கு ஒரே முடிவு கட்டுபடியாகாது. தேரையின் கதை வேறு, ஈரநிலம் சொன்னபடி அதன் ஓடும் குணம் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது.

வேலிப்பருத்தி:

அண்ணா, தம்பி இல்லை, தங்கச்சி :) மூன்று உதாரணங்களையும் சேர்த்தே வைக்கப்போகிறேன், தேரை, செடி, புகையான் என்ற வரிசையில். மிக்க நன்றி எல்லாருக்கும். கடைசியாக ஒன்று, தேரையின் இந்தப் பரிணாமத்தை வைத்தே அதைத் தடுக்க முடியுமா?

ஈரநிலம்:

யோசித்திருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் கிம்பர்லி, பில்பரா என்ற இரண்டு பகுதிகளுக்கு நடுவே வறண்ட ஒரு பட்டை இருக்கிறது, அங்கே தேரை மழையில்லாப் பருவத்தைத் தாண்ட மாட்டுக்கு வைத்த தண்ணீர்த் தொட்டிகளை நம்ப வேண்டியிருக்கும். அவற்றைத் தேரை எட்டாதபடி செய்வது முதல் யோசனை. அதோடு சேர்த்து, எல்லை வந்து சேரும் முன்பே பட்டையின் கிம்பர்லிப் பக்கத்தில் குவீன்ஸ்லாந்தின் மெதுவான தேரைகளை விட்டுவிடலாம் என்று 2016இல் பென் பிலிப்ஸ் குழுவினர் எழுதினார்கள். மெதுவானவை முட்டையிடுவதில் கெட்டி, முதலிலேயே இடத்தை நிரப்பிவிடும், பிறகு ஓடி வருகிறவை போட்டியில் தோற்கும், கலந்தாலும் வேகம் குறையும். அது கணினி மாதிரியில் போட்டுப் பார்த்த கணக்கு. தேரையைத் தடுக்கத் தேரையையே விடுவதா என்று செமினாரில் யாராவது நிச்சயம் கேட்பார்கள், நீங்கள் முதலில் எழுதிய முட்டைக் குறைவு பற்றிய கட்டுரையை அப்போது கையில் வைத்திருங்கள், பதில் அதில்தான் இருக்கிறது.