புதுப்பிப்பு: சத்தமில்லாத .22 தோட்டா, சிக்கல் தீர்ந்தது

நியூசிலாந்தின் ஒட்டாகோ பண்ணையில் முயல் கட்டுப்பாட்டுக்கு வைத்திருக்கும் .22 (0.22 அங்குலக் குழல்) அரைத் தானியங்கி ரைஃபிளில், ஒலியைவிட மெதுவாகச் செல்லும் தோட்டாவைப் போட்டால் வெற்றுக்கூடு வெளியேறாமல் சிக்குகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் 60 கிரெய்ன் (குண்டின் எடை, சுமார் 3.9 கிராம்) தோட்டாவை முயன்றேன். குண்டைச் சுழலவிடும் வரிகள் என் குழலில் 16 அங்குலத்துக்கு ஒரு முறுக்கு. அந்த நீளக் குண்டுக்கு அது போதவில்லை. 50 மீட்டர் அட்டையில் வட்டத் துளைக்குப் பதிலாகச் சாவித்துவாரம் போல நீளக் கிழிசல். குண்டு பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது.

பலித்தது, போல்ட் ரைஃபிளுக்கு மாறச் சொன்ன யோசனைதான். கூட்டைக் கையால் இழுப்பதால் தோட்டாவின் வலு குறைந்தாலும் கவலையில்லை. சைலன்சரோடு 40 கிரெய்ன் தோட்டா, விநாடிக்கு சுமார் 320 மீட்டர். துப்பாக்கியின் சுடும் ஊசி விழுவதும் குண்டு மண்ணில் பதிவதும் தனித்தனியாகக் கேட்கின்றன!

எதிர்பாராதது ஒன்று. 'ஸ்டாண்டர்ட்' என விற்கும், விநாடிக்கு 328 மீட்டர் செல்லும் தோட்டா பகலில் அமைதியாக இருந்தது. உறைபனி விடியலில் சில மட்டும் படீரென வெடித்தன. குண்டு ஒலியை முந்தினால் அந்த வெடிச்சத்தம் வரும்; 20 டிகிரியில் 343 மீட்டராக இருக்கும் ஒலிவேகம், மைனஸ் 5-இல் ஏறக்குறைய 328-க்கு இறங்கிவிடுகிறது. குளிர்காலத்துக்கு 320-ஐத் தாண்டாததையே வாங்குங்கள். 50 மீட்டருக்குக் குறி வைத்தால் 100-இல் ஏறக்குறைய ஒரு சாண் இறங்கும். அவ்வளவு தூரத்தில் நான் முயலைச் சுடுவதில்லை.