ஜோன் ஒலிவர், டெய்லி ஷோ பாக்கிற ஆக்கள் வன்னியில ஆரும் இருக்கிறியளோ?

பரந்தன் பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். ஜோன் ஒலிவர் எண்ட நகைச்சுவைக்காரர் நாட்டு நடப்பைப் பகிடியாச் சொல்லுற லாஸ்ட் வீக் டுநைட் எண்ட அமெரிக்க நிகழ்ச்சியை நான் இப்ப ரெண்டு வருசமா விடாமல் பாக்கிறன், அங்க ஞாயிறு இரவு போறது, யூடியூப்பில ஏறின உடன டேட்டா போட்டு முழுக்கப் பாத்து முடிச்சாத்தான் எனக்கு அந்தக் கிழமை சரி. ஒரு விசயத்தைப் பிடிச்சா இருபது நிமிசம் விடமாட்டான் மனுசன், அதுதான் எனக்குப் பிடிச்சது. போன கிழமை சித்தி வந்திருக்கேக்க 2016இல செய்த கடன் நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினன். ஆஸ்பத்திரிக் காசு கட்ட ஏலாமல் போன சனத்தின்ர கடனை வேற கொம்பனியள் அடிமாட்டு விலைக்கு வாங்கி கலெக்‌ஷனுக்கு அலையிறதைக் காட்டிப்போட்டு, தானும் ஒரு கொம்பனி பதிஞ்சு கிட்டத்தட்ட 15 மில்லியன் டொலர் கடனை 60,000 டொலருக்கு வாங்கி, ஏறக்குறைய 9,000 பேருக்கு இனிக் கட்டத் தேவையில்லை எண்டு விட்டவர். சிவப்பு பட்டனை அமத்த மேலயிருந்து காசுத்தாள் கொட்டுது. சித்தி சிரிக்கேல்ல. நுண்கடன் கட்டுற கொப்பியை மடியில வச்சுக்கொண்டு "அங்கயும் வாசல்ல வந்து நிப்பாங்களோ?" எண்டு மட்டும் கேட்டவ. எனக்கு ஒரு மாதிரிப் போட்டுது. இங்கிலீஸ் விளங்காத இப்பிடி ஆக்களுக்கு இதை எப்பிடிக் காட்டலாம், வேற எதைக் காட்டலாம்? சொல்லுங்கோ.

வவுனியா அண்ணை:
தம்பி, நீர் ஜோன் ஸ்டுவர்ட்டில இருந்து பாக்க வேணும். 1999இல இருந்து 2015 வரை டெய்லி ஷோ எண்ட அமெரிக்கச் செய்திப் பகிடி நிகழ்ச்சியைச் செய்தவர், 2024இல திங்கக்கிழமையளுக்குத் திரும்ப வந்தவர். அவர் செய்த காலத்தில முக்காவாசி நேரம் வன்னியில கரண்டே இல்லை, நாங்கள் ரேடியோவும் பற்றரியும் எண்டு இருந்த நேரம். நான் சண்டை முடிஞ்சு கன நாளுக்குப் பிறகு வவுனியா நெட் கஃபேல மணிக்குக் காசு குடுத்துப் பாத்தனான். அரசியல்வாதி இண்டைக்குச் சொன்னதைப் போட்டு, அடுத்ததா அதே ஆள் முந்தி நேர்மாறாச் சொன்னதைப் போடுவார், பிறகு ஒண்டும் சொல்லாமல் கமராவைப் பாப்பார். அவ்வளவுதான். எங்கட சனத்துக்கும் தேர்தலுக்குத் தேர்தல் இப்பிடிப் போட்டுக் காட்ட ஒருத்தர் வேணும் எண்டு நான் மனசார நினைக்கிறன். 2019 ஜூனில செப்டெம்பர் 11 மீட்புப் பணியாளருக்காக அமெரிக்கக் காங்கிரசுக்கு, அதுதான் அங்கத்தைப் பாராளுமன்றத்துக்கு முன்னால கதைச்சதையும் தேடிப் பாரும், இத்தனை வருசம் சிரிக்க வச்ச மனுசன் குரல் அடைச்சு நிண்டு கதைச்சது.

முள்ளியவளை:
நான் பஸெம் யூசெப் எண்டுதான் சொல்லுவன். எகிப்தில இதய சத்திரசிகிச்சை டொக்டர், 2011இல வீட்டில இருந்து யூடியூப்பில தொடங்கி நாடே பாக்கிற நிகழ்ச்சியா வளத்தவர். 2013இல ஜனாதிபதியை அவமதிச்சது எண்டு கூப்பிட்டு விசாரிச்சவை, அதே வருசம் ஸ்டுவர்ட் கெய்ரோவுக்கே போய் அவற்ற மேடையில இருந்தவர், 2014இல நிகழ்ச்சி நிண்டுபோச்சு. அமெரிக்காவில சிரிச்சுப்போட்டு வீட்ட போகலாம், எல்லா இடத்திலயும் அப்பிடியில்லை எண்டது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லைத்தானே. ஒண்டு, இதை மட்டும் பாத்து செய்தி அறிஞ்சிட்டம் எண்டு இருக்காதேங்கோ, பத்திரிகையையும் வாசியுங்கோ.

மாங்குளம் அக்கா:
தம்பி, தானா வாற மொழிபெயர்ப்பு எழுத்தை நம்பாதேங்கோ, சும்மா குழப்பும். நான் அம்மாவுக்கு நிப்பாட்டி நிப்பாட்டி எங்கட பேச்சில சொல்லுறனான், ஒரு இருபது நிமிசத் துண்டு ஒரு மணித்தியாலம் இழுக்கும், பரவாயில்லை. அம்மா சின்னனில சிரித்திரன் பகிடிச் சஞ்சிகையில சவாரித்தம்பர் கார்ட்டூன் பாத்து வளந்தவ, அதால பகிடிக்குள்ள என்ன கிடக்கெண்டு என்னைவிடக் கெதியாப் பிடிப்பா. கடன் துண்டையே திரும்பப் போடுங்கோ. சித்தி கேட்ட கேள்விக்கு அதிலயே மறுமொழி கிடக்கு, கலெக்‌ஷன்காரர் ரெலிபோனில வெருட்டின குரலெல்லாம் போட்டவை.

பரந்தன் பெடியன்:
நன்றி அக்கா, அண்ணை. சித்தியே இண்டைக்குப் பின்னேரம் திருப்பிப் போடச் சொன்னவ, பக்கத்து வீட்டு ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வாறாவாம், அவையளும் கிழமைக்குக் கிழமை கட்டுறவைதான். நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லுறன்.