ஒப்பினல் மடக்குக் கத்தி: அடுத்து எந்த வகையைத் தேடுவது?

கேள்வி: பிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினல் 1890இல் உருவாக்கிய மடக்குக் கத்தியின் வகைகளைச் சேகரிக்க விரும்புகிறேன். எண் 8 என்னும் அளவு மட்டுமே என்னிடம் உள்ளது. அடுத்து எதைத் தேடலாம், நண்பர்களே?

மறுமொழி 1: 1897இல் 1 முதல் 12 வரை அளவுகள் வந்தன. அவற்றுள் 1, 11 ஆகிய இரண்டும் பின்னர் நிறுத்தப்பட்டதால், பழைய எண் 11 கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி 2: நான் அளவைவிட, கத்தியின் அலகு தானாக மடங்காமல் நிறுத்தும் பூட்டு வளையத்தையே முதலில் பார்ப்பேன். மார்செல் ஒப்பினல் 1955இல்தான் அதை உருவாக்கினார் என்பதால், எண் 8 போன்ற பெரிய அளவில் வளையம் பொருத்தப்படாத கத்தி கிடைத்தால், அது அதற்கு முற்பட்டதாக இருக்க வாய்ப்பு மிகுதி. 2 முதல் 5 வரையிலான சிறியவற்றுக்கோ இன்றும் வளையம் கிடையாது.

மறுமொழி 3: கரிம எஃகு அலகை ஈரத்தோடு மடக்காதீர்கள், அது துருப்பிடிக்கும், பீச் மரப் பிடியும் உப்பி அலகை இறுக்கிவிடும். பழைய அலகில் படிந்த கருமையைத் தேய்த்து நீக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.