ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

சாட்ஸ்வர்த் ஆசிரியை, திங்கள்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் மாலைப் பள்ளியின் மூத்த வகுப்புப் பிள்ளைகள் ‘எங்கள் வீட்டுத் தொழில்’ என்ற தலைப்பில் சுவர்ப்பலகைகள் எழுதுகிறார்கள். ஒரு மாணவியின் தந்தை, பக்கிகளுக்கு, அதாவது பின்னால் தொட்டி வைத்த சிறு சரக்கு வண்டிகளுக்கு, எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகையை வெளியேற்றும் குழாய்) மாற்றிக் கொடுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவள் எழுதியதெல்லாம் நல்ல தமிழ். ‘ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட்’ என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. சைலன்சருக்கும், எஞ்சினை ஒட்டியுள்ள குழாய்த் தொகுப்பான பிராஞ்சுக்கும்கூடச் சொல் கேட்கிறாள். அச்சகத்துக்கு வெள்ளி காலையில் கொடுத்தாக வேண்டும். படிக்கப்போவது பதினான்கு வயதுப் பிள்ளைகளும் அவர்களுடைய தாத்தா பாட்டிகளும். போன முறை ‘ரவுண்டபவுட்’ கேட்டபோது, இந்தக் குழு ஒரு முடிவுக்கு வருவதற்குள் கண்காட்சியே முடிந்துவிட்டது என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

டோங்காட், திங்கள்

புகைபோக்கி. வேலை முடிந்தது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், செவ்வாய்

முடியவில்லை, தம்பி. மவுண்ட் எட்ஜ்கூம் கரும்பாலையில் ஓங்கி நின்றதைத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் புகைபோக்கி என்றார்கள். அது நிற்பது, வண்டிக்கு அடியில் உள்ளது கிடப்பது. நிற்பதற்கும் கிடப்பதற்கும் ஒரே பெயரா?

நம்மிடம் ‘தூம்பு’ என்ற அருமையான சொல் சும்மா கிடக்கிறது. உள்ளே துளையுள்ள நீண்ட பொருள் எதுவும் தூம்பு. ஏரி மதகில் உள்ளதும் தூம்பு. மலைபடுகடாத்தில் கூத்தர்கள் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் வரிசையைப் பாருங்கள்: முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, அதற்கு அடுத்து ‘களிற்றுயிர்த் தூம்பு’. யானை பெருமூச்சு விடுவதுபோல ஒலிக்கும் நெடுங்குழல். பக்கிக்கு அடியில் தொங்குவது வேறு என்ன? உள்ளே வளி, வெளியே களிற்றின் மூச்சு! பத்துப்பாட்டுக் காலத்திலேயே பெயர் வைத்தாயிற்று, வண்டிதான் பின்னால் வந்தது.

ஆகவே எக்ஸாஸ்ட் என்பது புகைத்தூம்பு. ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் என்பது தடையறு புகைத்தூம்பு. சைலன்சருக்கு ‘ஒலியவி’. அவித்தல் என்றால் அடக்குதல். ‘ஐந்தவித்தான்’ என்று குறளில் படித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

சென்ச்சூரியன், செவ்வாய்

ஐயா, நான் தஞ்சாவூரிலிருந்து வேலைக்காக இங்கே வந்தவன். எங்கள் பக்கம் தூம்பு என்றால் வயலில் தண்ணீர் வடியும் வழி. புகைத்தூம்பு என்றதும் எனக்குச் சேறுதான் நினைவுக்கு வருகிறது. ‘அவித்தல்’ என்றால் இங்குள்ள பிள்ளைகளுக்கு மடும்பிக் கிழங்கை (சேப்பங்கிழங்கு) வேகவைப்பதுதான். சைலன்சருக்கு ‘ஒலியடக்கி’ என்று வைத்துக்கொண்டால் பார்த்தவுடன் புரியும்.

இன்னொன்று. பலகையில் ‘பக்கி’ என்று எழுதப்போகிறீர்களா? தமிழ்நாட்டிலிருந்து யாராவது வந்து ‘என் அப்பாவின் பக்கி’ என்று படித்தால் என்ன நினைப்பார்கள்? எங்கள் ஊரில் அது வசவு. ‘சிறு சரக்குந்து’ என்று போடலாமே.

சாட்ஸ்வர்த் ஆசிரியை, செவ்வாய்

பக்கி பக்கியாகவே இருக்கும், சார். ஆப்பிரிக்கான்ஸில் ‘பக்’ என்றால் தொட்டி, ‘பக்கி’ என்றால் சின்னத் தொட்டி. வண்டியின் பின்புறத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான். டொயோட்டாவின் ஹைலக்ஸ் பக்கி தயாராகும் ப்ராஸ்பெக்டன் எங்களுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஆலையில் வேலை பார்த்த தாத்தாவிடம் போய் ‘சிறு சரக்குந்து’ என்று நான் சொல்ல மாட்டேன். விருந்தினர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

ஃபீனிக்ஸ், செவ்வாய் இரவு

எக்ஸாஸ்ட் பட்டறையில் வளர்ந்தவன் நான். இலக்கணம் அவ்வளவாகத் தெரியாது; குழாய் தெரியும். ஐயா, ‘தடையறு’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது பொய்.

ஃப்ரீ ஃப்ளோ போட்ட வண்டியிலும் தடை உண்டு. கம்பெனி சைலன்சரைப் பிளந்து பார்த்தால் உள்ளே அறைகளும் தடுப்புச் சுவர்களும் இருக்கும். புகை முட்டித் திரும்பி, மறுபடி முட்டித்தான் வெளியே வரும். நாங்கள் அதைக் கழற்றிவிட்டு, துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்த சைலன்சரை வைக்கிறோம். புகை நேராகப் போகிறது, ஒலியில் ஒரு பங்கை இழை வாங்கிக்கொள்கிறது. தடை குறைகிறதே தவிர ஒழிவதில்லை.

டர்போ என்பது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் கருவி. டர்போ டீசலில் அதற்குப் பின்னால் தடையைக் குறைத்தால் டர்போ சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும், புகையின் சூடும் இறங்கும். டர்போ இல்லாத பெட்ரோல் பக்கியின் கதை வேறு. அதில் குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகையின் வேகம் விழுந்துவிடும். ஒரு சிலிண்டரிலிருந்து பாய்ந்து போகும் புகைதான் அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துக்கொண்டு போகிறது. வேகம் விழுந்தால் அந்த இழுப்பும் போய்விடும். மேட்டில் ஏறும்போது வண்டி திணறும். ‘கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்’ என்று வாடிக்கையாளர்கள் சொல்வது இதைத்தான். வேண்டியது அழுத்தம் அல்ல, வேகம். ஆகவே யாராவது ‘எதிரழுத்தம்’ என்று சொல் வைத்து, அது நல்லது என்று பலகையில் எழுதினால் நான் வந்து அழிப்பேன்.

‘தடையறு’ என்ற பெயருக்குத் தகுந்த வண்டி ஒன்று இருக்கிறது. வினையூக்கி மாற்றியையும் சைலன்சரையும் வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பற்றவைத்த வண்டி. அந்த மாற்றிக்குள் இருப்பது ரஸ்டன்பர்க் சுரங்கங்களில் எடுக்கும் பிளாட்டினம் போன்ற உலோகங்கள். கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாக மாற்றுவது அவைதான். அதை எடுத்துவிட்டு ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்று விற்பவர்களும் உண்டு. நம் ஊரில் பக்கியின் பின்னால் கேனோப்பி (தொட்டியை மூடும் கூடு) போட்டு ஆட்களை உட்காரவைக்கிறோம். இணைப்பு ஒன்று கசிந்தால், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு நச்சு கேனோப்பிக்குள் ஏறும். பின்குழாயின் வாய் வண்டியின் உடலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். இதற்கு ஒரு வரி ஒதுக்கச் சொல்லுங்கள், டீச்சர்.

டோங்காட், புதன்

பட்டறைத் தம்பிக்கு ஒரு கேள்வி. என் பக்கிக்குப் போட்ட ஸ்டெயின்லெஸ் குழாய் துருப்பிடிக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

ஃபீனிக்ஸ், புதன்

409 ரகமாக இருக்கும், அண்ணா. அதில் குரோமியம் ஏறத்தாழ 11 விழுக்காடுதான். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களில் தாக்குப்பிடிக்கும், டர்பன் கடற்காற்றில் மேலே பழுப்பேறும். 304இல் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல், விலையும் அதற்கேற்ப. 409ஐ ஏமாற்று என்று சொல்ல முடியாது. எதைப் போடுகிறோம் என்று சொல்லாமல் போட்டால் ஏமாற்று.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், புதன்

அதைத் ‘துருவேறா எஃகு’ என்று சொல்லலாம்.

சென்ச்சூரியன், புதன்

அண்ணனின் குழாயில்தான் துரு ஏறுகிறதே, ஐயா! அதற்கு ‘எவர்சில்வர்’ என்று நம் சமையலறையிலேயே சொல் இருக்கிறது.

போர்ட் லூயி, புதன்

மொரீஷியஸிலிருந்து ஒரு குறுக்கீடு. எங்கள் கிரியோலிலும் பிரெஞ்சிலும் இது ‘எஷாப்மான்’. தப்பித்தல் என்று பொருள். உங்கள் ஆப்பிரிக்கான்ஸில் ‘உயிட்லாட்’, அதாவது வெளியே விடுதல். ஒன்றில் புகை சிறையிலிருந்து ஓடுகிறது, மற்றொன்றில் அதிகாரியே கதவைத் திறந்துவிடுகிறார். பின்னதை நம் வழியில் ‘விடுகுழாய்’ என்று சுருக்கிக்கொள்ளலாமே. புகையைச் சொல்லவே வேண்டாம். நல்ல எஞ்சினில் கண்ணுக்குப் புகை எங்கே தெரிகிறது?

ஒரு குழாய்க்கு இத்தனை சண்டையா என்று நான் கேட்க மாட்டேன். 1998இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் எந்த இடத்தில் வர வேண்டும் என்று போராடி, அச்சடித்த நோட்டுகளையே திரும்பப் பெறவைத்த தீவிலிருந்து எழுதுகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், புதன் இரவு

ஃபீனிக்ஸ் தம்பி சொன்னதை ஏற்கிறேன். பொருள் பொய்யாகிவிட்டால் சொல் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. தடை அறவில்லை, குறைந்தது. அப்படியானால் ‘தடைகுறை’ என்று வைப்போம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதில் ‘குறை’ வினைத்தொகை. ஆகவே அடுத்து வல்லினம் மிகாது: ‘தடைகுறை புகைத்தூம்பு’ என்று எழுத வேண்டும், ‘தடைகுறைப்’ என்று ஒற்றுப் போட்டால், தடையையும் குறையையும் உடைய குழாய் என்று ஆகிவிடும். பட்டறைக்காரர் வழக்குப் போடுவார். காலம் கரந்த பெயரெச்சம் அல்லவா வினைத்தொகை? நேற்றும் குறைந்தது, இன்றும் குறைகிறது, நாளையும் குறையும். முக்காலத்துக்கும் உத்தரவாதம் கொடுக்கப் பட்டறை தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபீனிக்ஸ், வியாழன்

கண்ணாடி இழை நாளடைவில் கருகி உதிரும். அதுவரைக்கும்தான் உத்தரவாதம், ஐயா.

சாட்ஸ்வர்த் ஆசிரியை, வியாழன்

எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் எல்லாச் சொற்களையும் கரும்பலகையில் எழுதி வாசிக்கவைத்தேன். ‘புகைத்தூம்பு’ என்றதும் இரண்டு பேர் தும்மிக் காட்டினார்கள். ‘விடுகுழாய்’ அழகு, ஆனால் எதை விடுவது என்று கேட்டார்கள். ‘புகைபோக்கி’ எல்லோருக்கும் புரிந்தது. வீட்டுக் கூரையைப் படம் வரைந்தார்கள். கடைசியில் பெரும்பான்மை, களைத்துப்போன பெரும்பான்மைதான், ‘தடைகுறை புகைக்குழாய்’ பக்கம் வந்தது. சைலன்சருக்கு ‘ஒலியடக்கி’. அடியில் சின்ன எழுத்தில் ‘பட்டறையில் இதை ஃப்ரீ ஃப்ளோ என்பார்கள்’ என்று ஒரு வரி. கேனோப்பி எச்சரிக்கைக்குத் தனிக் கட்டம் ஒதுக்கியிருக்கிறோம். அதை எழுதுவது அந்த மாணவிதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், வியாழன்

புகைக்குழாய் என்றால் சுருட்டுப் பிடிக்காதவர்கள் வாயில் வைத்துக்கொள்வது, அம்மா. பலகையைப் பார்க்கும் பெரியவர்கள் ஹைலக்ஸ் புகையிலை பிடிக்கிறது என்று நினைப்பார்கள். என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பிராஞ்ச் என்ன ஆயிற்று?

சென்ச்சூரியன், வியாழன்

‘கவைக்குழாய்’ என்று வைக்கலாம். கிளைபிரிவது கவை.

ஃபீனிக்ஸ், வியாழன்

பிரியவில்லை, சேருகிறது. நாலு சிலிண்டரிலிருந்து நாலு குழாய் இறங்கி ஒன்றாகும். பிராஞ்ச் என்று நாங்கள் சொல்வதே தலைகீழ்தான், ஆனால் கவுண்டரில் வேறு எதைச் சொன்னாலும் ஸ்பேர் கிடைக்காது.

போர்ட் லூயி, வியாழன்

சேருவது என்றால் கூடல். மதுரைக்காரர்கள் பெருமைப்படட்டும். கூடல்குழாயா, கூடற்குழாயா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், வியாழன் இரவு

கூடற்குழாய் என்றே புணரும். நான் தூம்பில்தான் நிற்கிறேன் என்பதால் எனக்கு அது ‘கூடற்றூம்பு’.

சாட்ஸ்வர்த் ஆசிரியை, வெள்ளி காலை

பலகையில் ‘பிராஞ்ச்’ என்றே போயிற்று. அச்சகத்தின் வாசலில் நின்று இதை எழுதுகிறேன்.

டோங்காட், வெள்ளி

கூடற்றூம்பு! சொல்லும்போதே எக்ஸாஸ்ட் சத்தம் வருகிறது, ஐயா. புகைபோக்கிக்குப் போட்ட வாக்கை உங்கள் பக்கம் மாற்றிக்கொள்கிறேன். அச்சான பிறகு மாற்றினால் செல்லுமா?