நம் கரண்ட் பில்லில் மின்வாரிய வக்கீலுக்குக் கூலி. நமக்கு யார் வாதாடுவது?

குடியாத்தம் தறிக்காரன்:
2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் 10-இல் மின்கட்டணம் பெரிதாக ஏறியது. அதற்கு முன் ஆகஸ்டில், கட்டணத்தை முடிவு செய்யும் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னை மூன்று ஊரில் கருத்துக் கேட்டது. இங்கிருந்து போகிறவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, காட்பாடியில் ரயில் ஏறி சென்னைக்குப் போய், மைக் கைக்கு வரும்வரை காத்திருந்து, சில நிமிடம் பேசிவிட்டு இறங்க வேண்டும். எதிரே உட்காரும் மின்வாரியத்தாருக்கு அதுதான் முழுநேர வேலை. அவர்களுடைய வழக்குச் செலவு நிர்வாகச் செலவில் சேர்ந்து, கடைசியில் நம் பில்லில்தான் வருகிறது. அவர்கள் வக்கீலுக்கு நாம் காசு கொடுக்கிறோம், நமக்கென்று ஒருவர் இல்லை.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 94(3)-ஐப் பாருங்கள். நுகர்வோர் நலனுக்காக வாதாட ஒருவரை ஆணையமே நியமிக்கலாம் என்று இருக்கிறது. மகாராஷ்டிராவில் புனேயின் பிரயாஸ் போன்ற அமைப்புகளுக்கு அந்த அங்கீகாரம் கிடைத்தது. இங்கேயும் நிரந்தரமாக ஒரு நுகர்வோர் வழக்காடுநர் வேண்டும். சம்பளம் ஆணையத்திலிருந்து, பதில் சொல்வது நமக்கு.

காட்பாடி ஓய்வுப் பொறியாளர்:
தம்பி, ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்தச் சம்பளமும் பில்லில்தான் ஏறும். நியமிப்பது யார்? சென்னையில் ஒரு அறை, ஒரு கார், ஒரு பெயர்ப்பலகை, அதோடு முடிந்துவிடும். நுகர்வோர் நலனைக் காப்பது ஏற்கெனவே ஆணையத்தின் கடமை. பிரிவு 61 அதைச் சொல்கிறது, அதே வரியில் செலவை நியாயமாக மீட்க வேண்டும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை யாரும் படிப்பதில்லை. 8 வருடம் ஏற்றாமல் வைத்திருந்தார்கள். கடன் குவிந்தது. பிறகு ஒரே அடியாக விழுந்தது. எப்போதும் ‘ஏற்றாதே’ என்று சொல்ல இன்னொரு ஆள் வந்தால் இதேதான் திரும்ப நடக்கும்.

உங்கள் ஊர் விஷயத்தையே எடுங்கள். கைத்தறிக்கு 200 ஆக இருந்த இலவச யூனிட் 300 ஆனதும், விசைத்தறிக்கு 750 ஆக இருந்தது 1,000 ஆனதும் 2023-இல். அது அரசு கொடுத்தது. எந்த வக்கீல் வாதாடி வாங்கினார்?

குடியாத்தம் தறிக்காரன்:
அரசு கொடுத்தது, மறுக்கவில்லை சார். கொடுத்ததை நாளைக்கு நிறுத்தினால் யாரிடம் கேட்பது? என் அப்பா தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் மதியம்தான் எழுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் அட்டையை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படிப்பார். எழுதியிருக்கும் எண் சரிதானா என்று மட்டும்தான் அவரால் பார்க்க முடியும். அந்த விலை எப்படி வந்தது என்று கேட்க, நூற்றுக்கணக்கான பக்க மனுவைப் படித்த ஒரு ஆள் வேண்டும்.

சத்துவாச்சாரி தையல்கடை:
இரண்டு பேரும் சட்டம் பேசுகிறீர்கள். என் வீட்டுக் கணக்கைக் கேளுங்கள். 2022 விலையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 என்றால் 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய்! கணக்கெடுப்பது இரண்டு நாள் தள்ளினாலே பத்து யூனிட் ஏறிவிடும். இதை ஆணையத்தில் யாராவது கேட்டார்களா?

காட்பாடி ஓய்வுப் பொறியாளர்:
கணக்கு சரிதான் அம்மா. ஆனால் அதில் 225 ரூபாய் ஆணையம் போட்ட விலை இல்லை. 101 முதல் 200 வரை 2022-இல் ஆணையத்தின் விலை 4.50. அதை 2.25 ஆக்கியது அரசின் மானியம். 500-ஐத் தாண்டினால் அந்தப் பாதி போய்விடும். மீதி 80 ரூபாய்தான் கடைசிப் பத்து யூனிட்டின் விலை, யூனிட்டுக்கு 8. ஆணையத்திடம் கேட்டால் ‘எங்கள் கையில் இல்லை’ என்பார்கள், அதுவும் உண்மை.

சத்துவாச்சாரி தையல்கடை:
சார், இத்தனை நாள் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. யாரிடம் கேட்க வேண்டும் என்றுகூடத் தெரியாமல் இருந்தேன். தம்பி கேட்கிற ஆள் செய்ய வேண்டியதும் இதுதானே? நீங்கள் இப்போது செய்துவிட்டீர்கள்.

காட்பாடி ஓய்வுப் பொறியாளர்:
நான் பென்ஷன் வாங்குகிறேன், பொழுது இருக்கிறது, சொன்னேன். அதற்கு ஒரு பதவி தேவை என்பதை இன்னும் ஏற்கவில்லை. முதலில் மாவட்ட அளவில் இருப்பதைச் சரி செய்யுங்கள். மின்நுகர்வோர் குறைதீர் மன்றத்துக்கு மேற்பார்வைப் பொறியாளரே தலைவராக இருப்பது எனக்கே உறுத்திய விஷயம். புகாரும் அவர் துறை மீது, தீர்ப்பும் அவருடையது.

குடியாத்தம் தறிக்காரன்:
சார், நான் சொல்வதும் அதைத்தானே? கீழே ஒரு நடுவர், மேலே ஒரு வழக்காடுநர். கட்டணம் ஏற வேண்டிய காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள் என்று நம் பக்கத்திலிருந்தே கேட்கவும் அவரால்தான் முடியும். 2014-க்குப் பிறகு அப்படி ஒருவர் கேட்டிருந்தால் 2022-இல் ஒரே நாளில் விழுந்திருக்காது.

காட்பாடி ஓய்வுப் பொறியாளர்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன். அடுத்த கட்டண மனு வரும்போது ஆட்சேபம் எழுதி அனுப்புங்கள், பிரிவு 64-இன்படி ஆணையம் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். விசாரணையை வேலூரிலும் நடத்தச் சொல்லி முதல் வரியிலேயே எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள், எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.

சத்துவாச்சாரி தையல்கடை:
என் மூன்று வருட மீட்டர் அட்டையும் இருக்கிறது. கொண்டு வருகிறேன்.