முலாம் கடைக் கழிவுநீரில் இருந்து சயனைட்டைத் திரும்ப எடுக்கலாமா?

மூதூர்ப் பொடியன்:
வணக்கம். திருகோணமலை டவுனில் மாமாவுக்குச் சின்ன முலாம் கடை. பொன்முலாம் தொட்டியில் இருப்பது பொட்டாசியம் சயனைட். நகை கழுவின தண்ணீரைப் பரலில் சேர்த்து வைத்திருக்கிறார், நிரம்பப் போகிறது. பின்வளவில் கிணறு, மணல் தரை வேறு. பொன் சுரங்கங்களில் கழிவில் இருந்து சயனைட்டைத் திரும்ப எடுக்கிறார்களாமே, அதை இங்கே செய்ய முடியாதா?

உப்புவெளியான்:
தம்பி, முதலில் ஒன்றைப் பாருங்கள். முலாமுக்கு முன்னால் நகையை அசிட்டில் முக்குவார்களே, அந்தத் தண்ணீரும் இதே பரலுக்குள் போகிறதா? போனால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு கதைப்போம்.

நான் மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு பொன் ஆலையில் வேலை செய்தவன். ஒரு கிராம் பொன்னைக் கரைக்கக் கணக்குப்படி அரைக் கிராம் சோடியம் சயனைட் போதும். ஆனால் ஒரு தொன் கல்லுக்குச் சில நூறு கிராம் போட வேண்டிவரும். மிச்சத்தைச் செம்பு, இரும்பு, கந்தகம் எல்லாம் பிடித்துக்கொள்ளும். செம்பு பிடித்ததைத் திரும்ப வாங்கலாம். கழிவுநீரில் சல்பைட்டும் அசிட்டும் விட்டால் செம்பு கறுப்புச் சேறாக அடியில் இறங்கும், அதை விற்கலாம். தெளிந்த நீரில் சுண்ணாம்பு போட்டால் சயனைட் பழையபடி வேலைக்கு வரும். இதற்கு சார்ட் என்று பெயர். பெருவில் யானகோச்சா, அசர்பைஜானில் கெதாபெக் சுரங்கங்களில் இந்த ஆலை கட்டினார்கள். செம்பு குறைவென்றால் செலவு கட்டாது.

அசிட் விட்ட நேரம்தான் ஆபத்து. பிஎச் என்பது அசிட் அளவு, குறையக் குறைய அசிட் கூடும். அது 9.2க்குக் கீழே போனால் சயனைட்டில் பாதிக்கு மேல் ஐதரசன் சயனைட் என்ற நச்சு வாயுவாக மாறிவிடும். அதன் கொதிநிலையே 26 பாகை, எங்கள் ஊரில் விடியற்காலையிலேயே அந்தச் சூடு இருக்கும். பாதாம் மணம் வரும் என்பார்கள். கனபேருக்குப் பிறவியிலேயே அந்த மணம் தெரியாது. நாங்கள் சட்டையில் கொழுவிய வாயு மீற்றர் கத்தினால் காற்று வருகிற பக்கம் பார்த்து ஓடுவோம். ஆலையில் மூடின தொட்டியும் வாயு உறிஞ்சும் கோபுரமும் இருக்கும். மாமாவிடம் இருப்பது பிளாஸ்டிக் பரல்.

கொட்டியாரக்கரை:
நல்லது. ருமேனியாவில் பையா மாரே என்ற இடத்தில் 2000 ஜனவரி 30 அன்று அணை உடைந்து ஏறக்குறைய ஒரு இலட்சம் கனமீற்றர் சயனைட் தண்ணீர் ஆற்றில் போனது. அதுவும் பழைய சுரங்கக் கழிவில் மறுபடி பொன் எடுத்த ஆலைதான். தீசா ஆற்றில் மீன் தொன் கணக்கில் செத்தது. சரி, பரலில் இருக்கும் சயனைட்டைப் பிளீச்சிங் பவுடர் போட்டு அழித்தால் என்ன?

உப்புவெளியான்:
அழிக்கலாம், ஆனால் பிஎச் 10க்கு மேல் நிற்க வேண்டும். குறைந்தால் சயனோஜன் குளோரைட் வரும், அதுவும் நச்சு வாயுதான். வீட்டுவளவில் செய்கிற வேலையில்லை. மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களிடம் பரலைக் கொடுங்கள்.

மூதூர்ப் பொடியன்:
நன்றி அண்ணை. அசிட் வாளி வேறாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன். ஆனால் பரலில் பொன்னும் இருக்கிறதே என்று மாமா விடமாட்டேன் என்கிறார்.

உப்புவெளியான்:
மாமா கெட்டிக்காரர். பரலைக் கொடுக்கும்போது பொன்னுக்கும் விலை பேசட்டும். இனிமேல் முலாம் தொட்டிக்குப் பக்கத்தில் ஓடாத தண்ணீர் நிரப்பின ஒரு தொட்டி வைத்து, முலாம் பூசி எடுத்த நகையை முதலில் அதில் முக்கச் சொல்லுங்கள். முலாம் தொட்டி சூட்டில் வற்றும். வற்றின அளவுக்கு அந்தத் தண்ணீரையே திரும்ப ஊற்றினால் பொன்னும் சயனைட்டும் தொட்டிக்கே வந்துவிடும், அசிட்டே தேவையில்லை. அந்தத் தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், உப்புச் சேர்ந்து முலாம் கெடும். பற்றரிக்கு விடுகிற காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்குங்கள்.